ஏரலில் ஒரு வோட்டின் விலை

தூத்துக்குடியிலிருந்து தெற்கே பிரயாணம் செய்யும் நேயர்கள் தாமிரபரணிக் கரையிலுள்ள ஏரலில் ஒரு பொழுது தங்க வேண்டும். நெல்வயலும் வாழைத்தோட்டமும் நம் கண்களைக் குளிர்விக்கின்றன. பழைய முத்துத் துறைமுகமாகிய கொற்கையும் சமீபத்திலேயே இருக்கிறது. எனினும் நம் சிந்தையைக் கவர்வது வாழைத்தார் சுமக்கும் தொழிலாளியின் தோள்தான்.

அந்தத் தோளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1908-இல் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர், வ. உ. சிதம்பரம் பிள்ளை துணைநிற்க, வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்றனர். ஆனால் அவர்களுக்கு வோட்டு இல்லை. சொத்தும் வரியும் பாராமல் வயது வந்தோர் அனைவரும் வோட்டளித்தது 1951-52 பொதுத்தேர்தலிலேதான்.

ஏரல் இன்று ஸ்ரீவைகுண்டம் சட்டசபைத் தொகுதியைச் சேர்ந்தது. காங்கிரஸ் அங்கத்தினர் ஒருவர் காலமானதால் அத்தொகுதியில் 2009 ஆகஸ்டு 18-ந் தேதி உபதேர்தல் நடந்தது. பிரதான எதிர்க்கட்சியான அ. தி. மு. க. அதைப் பகிஷ்கரித்தது, காங்கிரஸே மீண்டும் வென்றது. சர்க்கார் மாறவில்லை.

பின் உபதேர்தலால் என்ன பயன்? பொதுத்தேர்தலில் 234 தொகுதிகளுள் ஒன்றாய் மறைந்துபோகும் ஊரின் வாசலுக்கு, அப்போதுதான் மந்திரிகளும் தலைவர்களும் வந்து நிற்கிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏரல் பாலத்தை அடுத்த சாலை அரிக்கப்பட்டுப் போக்குவரத்து நின்றது. பாலத்தையும் கூலியையும் பற்றி நேருக்கு நேர் கேட்பதற்கு உகந்த சமயம் உபதேர்தலே. அடுத்த முறை அபேட்சகரின் ஆட்கள் கையில் திணிக்கும் நோட்டை வாங்குபவர், அந்தக் கேள்வியையே விற்றுவிடுகிறார். நோட்டு ஒரு வாரத்தில் கரைந்துவிடும். கேட்டுப் பெற்ற பாலமோ பேரன் காலத்திலும் நிற்கும்.