விரலுக்கு வேகம், சீட்டுக்குப் பொறுமை

பெர்ட்ரான்ட் குரோஸ்பெல்லியேன்னா முழிப்பாங்க. 'எல்கி'ன்னா பழைய கேமர்கள் டக்குன்னு நிமிர்ந்து உட்காருவாங்க. பிரான்ஸ்காரர். 2001-ல் வேர்ல்ட் சைபர் கேம்ஸ் ஸ்டார்கிராஃப்ட் போட்டியில் இரண்டாம் இடம். அந்த ஆட்டத்துக்காகவே தென்கொரியாவுக்குக் குடிபோனவர். அப்புறம் ஆன்லைன் போக்கர். 2008 ஜனவரியில் பஹாமாஸ் போட்டியில் ஜெயிச்சது 20 லட்சம் டாலர்!

"அப்போ ராத்திரி பூரா கேம் ஆடினா கோடீஸ்வரனா?" அவசரப்படாதீங்க மக்களே. இந்தியாவில் பணம் வச்சு ஆடற ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025 சட்டம் தடை போட்டது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ரெண்டுக்கும் குணமே வேற. கேமில் சும்மா இருந்தா எதிராளி ஏறி மிதிச்சிடுவான். போக்கரில் சும்மா இருக்கறதுதான் பாதி வேலை. மோசமான சீட்டைக் கவுத்து வச்சிட்டுக் காத்திருக்கணும்.

நல்ல சீட்டும் கவுக்கும். கையில் ரெண்டு ஏஸ், எதிரே ரெண்டு கிங். அப்பவும் தோக்கறதுக்கு சுமார் 18 சதவீதம் வாய்ப்பு உண்டு. கேமில் தோத்தா உடனே ரீமேட்ச். இங்கே அதே கோபத்தோட அடுத்த மேஜைக்குப் போனா முதலே காலி. அதனால்தான் ஒழுங்கா ஆடறவங்க, ஒரு மேஜைக்குக் கொண்டுபோற காசைப்போல 20 மடங்காவது தனியா ஒதுக்கி வைக்கறாங்க.

கேமிலிருந்து வேகத்தை எடுத்துட்டு வரலாம். 'இன்னும் ஒரே ஒரு ஆட்டம்'ங்கற அரிப்பை மட்டும் வாசல்லயே விட்டுடணும்.