அப்பாவுக்குப் பிடிக்காத மர டிசைன்

ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால், மொபைலைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார எனக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டும். அப்படித் தொற்றிக்கொண்டதுதான் மாடல் கார். இப்போது மேஜையில் இருப்பது 25-ல் ஒரு பங்கு அளவுள்ள ஃபோர்டு கன்ட்ரி ஸ்கொயர். பக்கவாட்டில் மரப்பலகை அடித்த மாதிரி, பழைய ஹாலிவுட் படங்களில் குடும்பமே ஏறி டூர் போகுமே, அந்த நீளமான அமெரிக்க கார்.

அப்பா தச்சர். இரண்டு வருஷமாகப் பட்டறை மூடிக்கிடக்கிறது. ஷட்டர் சாவி மட்டும் இன்னும் ஆணியில் தொங்குகிறது. "டிசைன் ஷீட்டை ஒட்டி தேக்குன்னு வித்தா, நம்மகிட்ட யாரு வருவா?" என்பார். அவர் எதிரில் பிளாஸ்டிக்கில் மரம் வரையக் கொஞ்சம் கூச்சம்தான்.

முதலில் வெளிர் மண் நிறத்தில் அக்ரிலிக் பெயின்ட். ஒரு நாள் நன்றாகக் காய வேண்டும். அதன்மேல் 'பர்ன்ட் அம்பர்' என்ற அடர் பழுப்பு ஆயில் பெயின்ட்டை மெலிதாகத் தடவி, உலர்ந்த தட்டை பிரஷ்ஷால் இழுத்தால், பிரஷ் போன தடமே ரேகையாகிவிடும். ஆயில் பெயின்ட் காய நாளாகும். அதனால் சொதப்பினால் துடைத்துவிட்டு மறுபடி இழுக்கலாம். நான் ஆறு முறை துடைத்தேன்!

ஏழாவது முறை அப்பா பின்னால் வந்து நின்றார். "என்ன பாப்பா, வாழைமட்டை மாதிரி இருக்கு?"

நிற்கும் சட்டம், படுக்கும் சட்டம் இரண்டுக்கும் ஒரே பக்கமாக இழுத்திருந்தேன். சட்டம் எந்தப் பக்கம் நீளமோ, நார் அந்தப் பக்கம்தான் ஓடுமாம். ரேகையும் தடிமன் என்றார். கணக்குப் போட்டேன்: மாடலில் 1 மி.மீ என்றால், நிஜ காரில் 2.5 செ.மீ. எந்த மரத்தில் அவ்வளவு தடித்த ரேகை இருக்கிறது?

ஒரு விஷயத்தை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். 1950-களின் தொடக்கத்திலேயே இந்த காரில் மரப்பலகை போய், இரும்பின் மேல் மர டிசைனை ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள். 1991-ல் தயாரிப்பை நிறுத்தும்வரை ஒட்டு டிசைன்தான். சொல்லிவிட்டேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப அங்கயும் ஆசாரியை வீட்டுக்கு அனுப்பிட்டாங்களா?" என்றார்.

நான் பதில் தேடுவதற்குள் பிரஷ்ஷை வாங்கிக்கொண்டார். கதவில் ஓரிடத்தில் சின்னதாகக் கணு வைத்து, ரேகைகளை அதைச் சுற்றி வளைத்துவிட்டார். கை லேசாக நடுங்கியது. அந்த நடுக்கத்தில் ரேகை இன்னும் மரமாகத் தெரிந்தது.

அடுத்த பக்கக் கதவைத் துடைக்கப் போனேன்.

"அதைத் தொடாத. காலைல நான் பார்த்துக்கிறேன்" என்றபடி படுக்கப் போனார்.