அரசிகள் நீங்கிய களம்

திருப்பதிக்கு அருகே, பாறைக் குன்றின் அடிவாரத்தில் சந்திரகிரிக் கோட்டை நிற்கிறது. விசயநகர வேந்தர்களின் இறுதிக்காலத் தலைநகரங்களுள் அதுவும் ஒன்று. உள்ளே இராஜ மகாலும் இராணி மகாலும் இருக்கின்றன. 1639ஆம் ஆண்டில் ஆங்கிலேயருக்குச் சென்னப்பட்டின நிலத்தை அளித்த ஆணை இக்கோட்டையில் உறுதிசெய்யப்பட்டது என்பர். சதுரங்கம் பயிலும் மாணவர் அங்குச் சென்றால் அரசன், அரசி, மதில் மூன்றையும் கல்லிலேயே நினைத்துப் பார்க்கலாம். அந்த ஆணையால் எழுந்த சென்னை மாநகரில், 2013 நவம்பரில், வேறொரு மதிலை உடைக்க முயன்றார் விசுவநாதன் ஆனந்த். அதன் பெயர் பெர்லின் தற்காப்பு.

வெள்ளை தன் அரசனுக்கு முன்னுள்ள காலாளை இரண்டு கட்டம் நகர்த்துகிறது. கறுப்பும் அவ்வாறே செய்கிறது. இரு பக்கமும் ஒரு குதிரையை வெளிக்கொணர்ந்தபின், வெள்ளையின் அமைச்சர் கறுப்புக் குதிரையைத் தாக்குகிறார். இது ஸ்பானியத் தொடக்கம். அதற்கு விடையாகக் கறுப்பு தன் மற்றொரு குதிரையால் வெள்ளைக் காலாளைத் தாக்கினால் அதுவே பெர்லின். வெள்ளை கோட்டை கட்டிக்கொண்டு வழக்கமான பாதையில் சென்றால் எட்டாம் நகர்விலேயே அரசிகள் இருவரும் களம் நீங்குவர். கறுப்பு அரசன் கோட்டை கட்டும் உரிமையை இழந்து நடுவில் நிற்பான். அவனுடைய காலாட்கள் இரண்டு ஒரே வரிசையில் முன்பின்னாக நிற்பர். காண்போர் வெள்ளைக்கே வெற்றி என்பர். ஆனால் அந்த அரசனை விரட்ட அரசி இல்லை. கறுப்பிடமோ அமைச்சர் இருவரும் எஞ்சியிருப்பர்.

2000ஆம் ஆண்டு இலண்டனில் கிராம்னிக் இம்மதிலை எழுப்பினார். காஸ்பரோவ் நான்கு ஆட்டங்களில் மோதியும் நான்கும் சமனாயின. போட்டி முழுவதிலும் அவரால் ஓர் ஆட்டமேனும் வெல்ல இயலவில்லை, பட்டம் 8.5–6.5 என்ற கணக்கில் கைமாறியது.

இதற்கெதிராக வெள்ளை எவ்வாறு ஆயத்தமாவது? முதல் எட்டு நகர்வுகளை மனப்பாடம் செய்வது எளிது. பயில்வோர் பலர் அத்துடன் ஏட்டை மூடிவிடுகின்றனர். உண்மையான வினா ஒன்பதாம் நகர்வில்தான் தொடங்குகிறது. அரசன் பக்கத்தில் வெள்ளைக்கு நான்கு காலாட்கள், கறுப்புக்கு மூவர். பிற காய்கள் அனைத்தும் வெட்டுப்பட்டு நீங்கினால் அந்த ஒரு காலாளே பெரும்பாலும் வெற்றி தரும். ஆகவே எந்தக் காயை மாற்றுவது, எதை வைத்திருப்பது என்பதே ஆயத்தத்தின் உயிர்நிலை. இவ்விறுதியாட்டத்தை விரும்பாதவர் நான்காம் நகர்வில் அரசிக்கு முன்னுள்ள காலாளை ஒரே கட்டம் நகர்த்தி, அரசிகளைக் களத்தில் தக்கவைக்கலாம்.

ஆனந்த் இரண்டையும் முயன்றார். நான்காம் ஆட்டத்தில் இறுதியாட்டத்திற்குள் புகுந்தார். கார்ல்சன் ஒரு காலாளைத் துணிந்து வெட்ட, ஆனந்தே நெடுநேரம் போராடி 64ஆம் நகர்வில் சமன் செய்தார். ஆறாம் ஆட்டத்தில் மற்ற வழி. அங்கும் ஆட்டம் நீண்டு, யானைகளின் இறுதிப்போராகி, 67ஆம் நகர்வில் தோல்வியில் முடிந்தது. வழிகள் இரண்டாயினும் சென்று சேர்ந்தது ஒரே நிலம்: அமைதியான, நீண்ட, கார்ல்சன் பெரிதும் விரும்பும் நிலம். ஒன்பதாம் ஆட்டத்தில் ஆனந்த் அரசனின் காலாளை விடுத்து அரசியின் காலாளால் தொடங்கினார். சீறிய தாக்குதல்தான், 28ஆம் நகர்வில் குதிரை தவறான கட்டத்திற்குச் சென்றது, ஆட்டமும் போயிற்று. சொந்த நகரில் 3.5–6.5 எனப் பட்டத்தை இழந்தார்.

மறுஆண்டு சோச்சி நகரில் இருவரும் மீண்டும் சந்தித்தனர். இம்முறை கறுப்புக் காய்களுடன் பெர்லின் மதிலுக்குள் அமர்ந்தவர் ஆனந்த். ஏழாம் ஆட்டத்தில் கார்ல்சன் 122 நகர்வுகள் முட்டியும் மதில் விழவில்லை. பதினொன்றாம் ஆட்டத்திலும் அதே மதில். ஆனால் அன்று ஆனந்த் உள்ளே காத்திருக்கவில்லை. யானை ஒன்றை அமைச்சருக்கு ஈடாகக் கொடுத்து வெளியே பாய்ந்தார். அந்த ஆட்டத்துடன் போட்டி முடிந்தது.