டேனியல் தீட்டிய அருவியும் எங்கள் ஆச்சியும்

விடுமுறைக்குப் பள்ளிவாசல் வந்தபோது, ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எப்படியும் முடித்துவிடுவது என்ற உறுதியோடுதான் மடிக்கணினியைத் திறந்தேன். திரையில், தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் வெளியிட்ட பாபநாச அருவியின் படம் இருந்தது.

தாமஸ் டேனியல் 1749இல் தேம்ஸ் கரையிலுள்ள கிங்ஸ்டனில் பிறந்தவர். விடுதி நடத்தியவரின் மகன். கோச்சு வண்டிகளில் குலச்சின்னம் தீட்டிப் பழகிய கை அவருடையது. 1785இல், 16 வயது வில்லியத்தை உதவிக்கு அழைத்துக்கொண்டு சீனா வழியாகக் கப்பலேறி, மறு ஆண்டு கல்கத்தா வந்து சேர்ந்தார். அங்கே தீட்டிய ஓவியங்களைக் குலுக்கல்முறையில் விற்றுத் திரட்டிய பணமே 1792இல் அவர்களைத் தெற்கே அனுப்பியது. திப்புவோடு நடந்த போர் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. பாரமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனியின் கைக்கு வந்திருந்தன. பல்லக்குத் தூக்கிகளும் கூடாரம் சுமப்போரும் சூழ, இருவரும் மதுரை, பாபநாசம், குற்றாலம் என்று வரைந்துகொண்டே சென்றனர்.

என் இயலின் வாதம் இதுதான்: இந்தப் படங்களில் போரின் தடயமே இல்லை, மனிதர்கள் இருப்பது அருவியின் உயரத்தைக் காட்டும் அளவுகோலாக மட்டுமே. இதை எழுதும் உரிமை எனக்கு உண்டென்று நம்பினேன். கொழுந்துக் கூடையோடு நின்ற அம்மாவைச் சற்றுத் திரும்பி நிற்கச் சொல்லிப் படமெடுத்துக்கொண்டு போன பயணிகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். அவர்களுக்குப் பச்சைக் கம்பளம், எங்களுக்கு அட்டைக்கடி.

அப்போது ஆச்சி பின்னால் வந்து நின்றார். விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து, திருமணத்திற்குப் பிறகு மலையேறியவர். பார்வை மங்கிவிட்டது. திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார்.

"ஏளா, இது கல்யாணி தீர்த்தம்லா!"

எப்படித் தெரியும் என்றேன். பாறையை வைத்துச் சொல்வதாகச் சொன்னார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

"கரண்டு ஆபீசு வாரதுக்கு முந்தி இப்பிடித்தான் விழும். ராத்திரி எங்க வீட்டுத் திண்ணையில படுத்தா சத்தம் கேக்கும்."

பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1944இல். ஆச்சி அப்போது சிறுமி. அதற்கும் முன்பே, 1880களில், ஹார்வி ஆலைக்காரர்கள் அந்த நீரின் விசையை நூற்பாலைக்குப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டனர். ஆற்றைக் குழாய்க்குக் கொடுத்த ஊரிலிருந்து ஆச்சி வந்து சேர்ந்த இடமோ பள்ளிவாசல். 1940இலேயே திருவிதாங்கூரின் முதல் நீர்மின் நிலையம் தொடங்கிய இடம். முதிரப்புழையின் நீரைச் சுமந்து மலைச்சரிவில் இறங்கும் அந்த இரும்புக் குழாய்களைப் பார்த்தபடியே அவருடைய ஆயுள் கழிந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.

படத்தின் சிறிய உருவங்களைத் தொட்டு, "இதெல்லாம் குளிக்க வந்த சனம். ஆடி அமாவாசையா இருக்கும்," என்றார். நான் அளவுகோல் என்று எழுதியவர்களை அவர் உறவுக்காரர்களைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டேனியல்கள் 'கேமரா அப்ஸ்கியூரா' என்னும் கருவியைக் கொண்டு கோடுகளைப் பிடித்தவர்கள். அந்தத் துல்லியத்தை ஆள்வோரின் கண் என்று மட்டுமே நான் படித்திருந்தேன். ஆச்சி பாறையை அடையாளம் கண்டதும் அதே துல்லியத்தால்தானே?

1794இல் இங்கிலாந்து திரும்பியவர்கள், 1795 முதல் 1808 வரை 144 செப்புத்தகட்டு அச்சுப்படங்களை வெளியிட்டனர். முழுத்தொகுப்பின் விலை 210 பவுண்டு. 1822இல் ராயல் அகாடமியின் முழு உறுப்பினர் இடத்திற்கு வில்லியம் தேர்வானபோது, தோற்றவர் ஜான் கான்ஸ்டபிள். தந்தையின் மாவாலையையும் அதைச் சுற்றிய ஓடையையும் ஆயுள் முழுக்க வரைந்தவர் அவர். தன் ஊரை உள்ளிருந்தே பார்த்தவர். இருவரும் 1837இல் இறந்தனர். இன்று நாட்காட்டிகளில் தொங்குவது கான்ஸ்டபிள். அவரே என் கட்சி என்று எண்ணியிருந்தேன். ஆனால் ஆச்சியின் அருவியை அவர் வரையவில்லை. பல்லக்கோடு வந்தவர்கள்தாம் வரைந்தார்கள். இதை எந்த வாக்கியத்தில் வைப்பதென்று இன்னும் தெரியவில்லை. முதல் மூன்று பக்கங்களை இப்போதைக்கு நீக்கியிருக்கிறேன்.

ஆச்சி படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். கீழே இறங்கும் படிகளைத் தேடினார். அவை இந்தச் சட்டத்துக்கு வெளியே இருக்கலாம் என்றேன். நம்பவில்லை. மின்னேற்றம் தீரும்வரை திரையை மூட விடவில்லை.