நஞ்சும் அமுதும்

மொழி பயில்வோர் உள்ளத்திற் சில சொற்கள் நெடுநாள் உறுத்தி நிற்பதுண்டு. மகப்பேற்றின் பின் வெளிப்படும் கொடியையும் சவ்வையும் நம் முன்னோர் ‘நஞ்சு’ என்றே வழங்கினர். கழிவென மண்ணிற் புதைக்கப்படும் அந்நஞ்சின் உட்சவ்வு, வெந்த கண்ணுக்கு மருந்தாகும் என அறிந்தபோது அச்சொல்லைப் புதிதாய் நோக்கலானேன்.

கண்ணைச் சுடும் பொருள்களுள் காரம் பெரும்பாலும் அமிலத்தினுங் கொடியது. அமிலம் புரதத்தை உறையச் செய்து தன் வழியைத் தானே அடைத்துக்கொள்ளும். காரமோ கலங்களின் கொழுப்பைச் சிதைத்து ஆழ ஊடுருவும். வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பும் இத்தகைய காரமே. இந்தியாவில் சுண்ணாம்புப் பொதி பிதுங்கித் தெறித்தமையாற் கண்ணிழந்த சிறுவர் உளர்.

கண்ணின் முன்புறத்தே தெளிந்து விளங்கும் விழிவெண்படலத்தின் விளிம்பில், அதன் மேற்படையை இடையறாது புதுப்பிக்கும் மூலக்கலங்கள் உறைகின்றன. அவை முற்றாகக் கருகினால் அயலிலுள்ள சவ்வு படர்ந்து பார்வையை மறைக்கும். 1961 இல் தோன்றிய இலங்கைக் கண் தானச் சங்கத்தின் மூலம் பல நாடுகளுக்கு விழிவெண்படலம் ஈந்த பெருமை நம் நாட்டுக்குண்டு. எனினும் விளிம்பு மாண்ட கண்ணில், ஈந்த படலம் மட்டும் நிலைத்த பயன் தராது. உயிருள்ள விளிம்பும் வேண்டும். அது வேரூன்ற நல்ல நிலமும் வேண்டும்.

அந்நிலமாய் அமைவதே பிரசவச் சவ்வு. அது அழற்சியைத் தணித்துத் தழும்பைக் குறைக்கும். 1946 இல் இங்கிலாந்தில் சோர்ஸ்பி, சைமன்ஸ் என்போர் காரத்தால் வெந்த கண்களுக்கு அதனைப் பயன்படுத்தினர். பின்னர் பெரிதும் மறக்கப்பட்ட அம்முறை, 1995 இல் கிம், செங் ஆகியோர் முயல்களில் நடத்திய ஆய்வினால் மீண்டும் கவனம் பெற்றது. 2012 இல் ஐதராபாத் வைத்தியர்கள் எளிய வழியொன்றை வெளியிட்டனர்: நோயாளியின் நலமான மறுகண்ணின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் அளவுத் துண்டொன்றை எடுத்து, அதனைச் சிறு கூறுகளாக்கிச் சவ்வின்மேற் பரப்பி வளரவிடுதல். இரு கண்களும் வெந்தாரின் நிலையோ கடினமானது. பிறர் இழையத்தை உடல் வெறுத்தொதுக்காதிருக்க நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகளும் வேண்டும்.

இத்துணை அரிய சிகிச்சைக்கும் முற்பட்டது தண்ணீர். சுண்ணாம்பு பட்ட கணமே, இமைகளை விரித்து, இடைவிடாது கழுவிய பின்னரே வைத்தியசாலைக்கு ஓடுதல் வேண்டும். கழுவத் தாழ்க்கும் ஒவ்வொரு நிமிடமும் அவ்விளிம்பையே தின்கிறது.

கண் தானம் இறப்பின் வாயிலில் நிகழ்வது. இதுவோ பிறப்பின் வாயிலில், ஒரு தாயின் இசைவோடு நிகழ்வது. ஈதலைச் சாவோடு மட்டும் இணைத்துப் பழகிய நமக்கு, பிள்ளை பெற்றவளும் அன்றே இன்னொருவர்க்கு ஒளி ஈயலாம் என்னும் எண்ணம் புதிது, ஏற்கத் தக்கதுமாகும்.