மரயானையும் உளிமுனையும்

திருச்சிற்றம்பலம்

திருமூலதேவ நாயனார் திருமந்திரத்துள் எடுத்தாண்ட மரயானை உவமை சைவ நன்மக்கள் யாவரும் அறிந்ததே. யானை எனக் கொண்டு நோக்குவார்க்கு மரம் தோன்றுவதில்லை. மரம் எனக் கொண்டு நோக்குவார்க்கு யானை தோன்றுவதில்லை. உலகிற்கும் பரம்பொருட்கும் இம்முறை ஒக்கும் என்பது அதன் கருத்து. எங்களூர்த் திருக்கோயில் மண்டபத்தே வாரந்தோறும் நடைபெறும் சித்தாந்த வகுப்பில் இவ்வுவமையை யான் ஏறக்குறைய 30 ஆண்டுகளாக விரித்துரைத்து வந்தேன்.

இரண்டாண்டுகட்குமுன் ஒருநாள், தன் பாட்டனாருடன் வந்திருந்த 12 வயதுச் சிறுவனொருவன் வகுப்பின் முடிவில் எழுந்து, "ஐயா, மரத்தில் யானை செய்வதைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்களா? செய்கிறவருக்கு எது தெரியும்? மரமா, யானையா?" என்று வினவினான்.

யான் பார்த்ததில்லை. நூல்வழியாக ஏதேனும் விடை கூறி அவனை அமர்த்தியிருத்தல் கூடும். ஆயினும் நா எழவில்லை. "அடுத்த வாரம் சொல்கிறேன், தம்பி" என்றேன். அடுத்த வாரமும் சொல்ல இயலவில்லை. உவமையின் பொருளைப் பன்முறை உரைத்த எளியேன், உவமையாக நின்ற பொருளை ஒருகாலும் கையால் தொட்டறியாதவன் என்னும் எண்ணம் நெஞ்சை உறுத்திற்று. அதன் பயனாகவே, 63 வயதில், மரச்சிற்பத்தொழிலைத் தொடக்கத்திலிருந்து பயில்வான்வேண்டி மூன்று வாரம் ஒரு சிற்பியார் பட்டறையிலே தங்கலானேன்.

யான் சென்ற ஊர் அரும்பாவூர். பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலையின் அடிவாரத்தே உள்ளது. திருக்கோயில்களுக்கு வேண்டும் தேர்களும் வாகனங்களும் திருவுருவங்களும் மரத்தில் இயற்றும் குடும்பங்கள் பல அவ்வூரில் வழிவழியாக வாழ்கின்றன. ஒரே கட்டையிலிருந்து முழு உருவத்தையும் கடைந்தெடுத்தல் அவர்தம் கைவண்மைக்குச் சான்று. அரும்பாவூர் மரச்சிற்பம் 2020ஆம் ஆண்டில் அரசினரால் புவிசார் குறியீடு பெற்றது. எங்கள் ஆசாரியார் என்னினும் இருபது ஆண்டு இளையவர். பயில வந்தோர் அறுவர். யானொழிந்த ஐவரும் இளைஞர். பட்டறையின் பின்கட்டில் எங்கட்குப் பாய்களும், ஆசாரியார் இல்லத்தில் உணவும் கிடைத்தன.

முதல் மூன்று நாளும் மரத்தைத் தொட எங்களை விட்டிலர். உளி தீட்டுதலே பாடம். பட்டையுளி, நகவுளி, நுண்ணிய கோடிடும் சிற்றுளி எனப் பலவகை உளிகளை நீர் தெளித்த தீட்டுக்கல்லின்மீது, சாய்வு சிறிதும் மாறாமல், முன்னும் பின்னும் ஓட்டல் வேண்டும். கை அயர்ந்து ஒரு நூலளவு தூக்கினாலும் கூர் மழுங்கும். இரண்டாம் நாள் மாலை, கூராயிற்று என்று கருதி என் உளியை நீட்டினேன். ஆசாரியார் அதனைப் பெற்று ஒரு மரத்துண்டின் நாரைக் குறுக்கே சீவினார். வெட்டுவாய் பளபளத்தது, ஆயினும் அதன் நடுவே மயிரிழைபோல் வெண்கோடு ஒன்று ஓடிற்று.

"ஐயா, உளிவாயில் ஒரு பழுது இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இந்த உளி போகும் இடமெல்லாம் இந்தக் கோடும் போகும்" என்றார்.

வினைப்பயன் உயிரைத் தொடர்ந்து செல்லும் என்பதைப் பலவாறு விளக்கியுள்ளேன். இத்துணைச் சுருங்கிய விளக்கம் எனக்கு வாய்த்ததில்லை. ஆசாரியார் அதனை விளக்கமாகக் கூறினாரல்லர். மீண்டும் தீட்டும்படி கல்லைக் காட்டினார், அவ்வளவே.

நான்காம் நாள் மரங்களைப் பற்றி அறிந்தோம். தேருக்கு இலுப்பையே தலைசிறந்ததென முன்னோர் கொண்டனர். பயில்வார்க்கு இசைந்தது தூங்குமூஞ்சி மரம். அமெரிக்கக் கண்டத்தினின்று வந்து நம் சாலைகளில் நிழல் பரப்பி நிற்பது. மாவிலங்கும் அத்தியும் வேம்பும் அங்கே அடுக்கப்பட்டிருந்தன. வெட்டிய மரத்தை உடனே செதுக்கலாகாது. புறம் விரைந்து உலர, அகம் ஈரமாய் நிற்க, இரண்டும் ஒன்றையொன்று ஈர்த்து மரம் வெடிக்கும். வெட்டுமுகத்தின் வழியே ஈரம் மிக விரைவாக நீங்குமாதலின் அங்கே மெழுகு பூசி, நிழலில் காற்றோட்டமாக அடுக்கி வைப்பர். ஓர் அங்குலக் கனத்திற்கு ஓராண்டு என்பது பருமட்டான கணக்கு. வெயிலில் இட்டால் விரைந்து உலருமே என ஓர் இளைஞர் கேட்டார். "உலரும், உடைந்தும் போகும்" என்றார் ஆசாரியார். மலபரிபாகம் எய்தாத உயிர்க்கு இறைவன் விரைந்து வெளிப்படாது மறைந்து நின்று நடத்துதலும் அருளே என நம் ஆசிரியர் அருளிய திரோதானத்தின் அருமையை, நிழலில் கிடந்த அக்கட்டைகளின் முன் நின்று எண்ணிப்பார்த்தேன்.

பின்னர்க் கொட்டாப்புளியும் உளியும் எங்கள் கையிலே தரப்பட்டன. இரு கையும் எப்போதும் உளிவாய்க்குப் பின்னாகவே நிற்றல் வேண்டும். வலக்கை அடிக்க, இடக்கை செலுத்தவும் தடுக்கவும் வேண்டும். தொடக்கக்காரன் அடித்தலையே தொழிலாக நினைக்கிறான். தடுத்தலே தொழில் எனத் தெரிய எனக்கு ஒரு வாரம் சென்றது. நாரோட்டத்தோடு செல்லும் உளி ஓசையின்றிச் சுருள் சுருளாகச் சீவும். எதிர்த்துச் செல்லும் உளி மரத்தைப் பிய்த்தெறியும். என் முதற்றாமரையின் இதழ்களுள் மூன்று அவ்வாறு பிய்ந்தன.

பத்தாம் நாள், ஒரு சாண் உயரமுள்ள யானையைத் தொடங்கினேன். கட்டையில் ஒரு கணு இருந்தது. அதனை அகழ்ந்தெறிதல் கூடுமோ என்றேன். "கணுவை எடுக்க முடியாது, ஐயா. எடுத்தால் பள்ளம் விழும். அது கெடுதல் செய்யாத இடத்தில் வைத்துக்கொள்ளலாம்" என்று கூறிக் கட்டையைத் திருப்பி, கணு வயிற்றின் அடிப்புறத்தே அமையுமாறு கோடிட்டுத் தந்தார். ஆணவம் முத்தியிலும் அழிவதன்று, தன் சத்தி மடங்கிக் கிடக்கும் என்னும் நம் கொள்கையைக் கேட்டு ஐயுறுவார் பலர். அவர்க்குக் காட்ட எனக்கு இனி ஒரு கணு உண்டு.

இனிக் கூறப்புகுவது எளியேனுக்கு நாணம் தருவது. ஆயினும் இக்கட்டுரை எழுதப் புகுந்தது அதன்பொருட்டே.

வளைந்த துதிக்கை நாரோட்டத்தைக் குறுக்கே கடக்கும் இடத்தில் வலியற்றிருக்கும். ஆதலின் துதிக்கைக்கும் முன்காலுக்கும் இடையே உள்ள மரத்தைத் தாங்கலாக இறுதிவரை விட்டுவைத்தல் வேண்டும் என்பது ஆசாரியார் இட்ட கட்டளை. பதினைந்தாம் நாள் நண்பகல், அவர் வெளியே சென்றிருந்தார். இளைஞர் ஐவரினும் என் வேலை பின்தங்கியிருந்தது. தாங்கலை நீக்கிவிட்டால் துதிக்கை தனித்துத் தோன்றும். உருவம் முடிந்ததுபோல் காட்டும். அவர் வந்ததும் வியப்பார் என எண்ணி, அதனை நீக்கினேன். நீக்கி முடித்து, இன்னும் ஒரே ஓர் அடி என்று தட்டினேன். துதிக்கை ஒடிந்து என் மடியில் வீழ்ந்தது.

ஒருவரும் காணவில்லை. பட்டறையில் பசை இருந்தது. மரத்தூளைப் பசையிற் குழைத்து ஒட்டி, உலர்ந்தபின் தேய்த்துவிட்டேன். மாலையில் இளைஞர்கள் சூழ்ந்து நின்று, "ஐயா முந்திவிட்டார்" என்று புகழ்ந்தனர். ஆசாரியாரும் எடுத்துப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் வைத்தார். யானும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஆணவத்தின் இயல்பு மறைத்தல். இருளேனும் தன்னைக் காட்டிப் பிறபொருளை மறைக்கும். ஆணவமோ தன்னையும் காட்டாது பிறவற்றையும் காட்டாது. இதனை எத்துணை முறை பிறர்க்கு ஓதியுள்ளேன்! ஓதிய வாயே மூடிக்கிடந்தது. ஒரு சாண் மரத்துண்டில், ஊரறியாத ஒரு பட்டறையில், மகன் வயதினர் சிலருடைய புகழ்ச்சிக்காகப் பொய்யுருவம் ஒன்றை நிறுத்தினேன் என்றால், 30 ஆண்டு வகுப்பில் எவ்வெவ்விடங்களில் ஒடிந்ததை ஒட்டி மெழுகியிருப்பேன்? தெரியாத வினாவிற்குத் தெரிந்தாற்போல் விடை கூறிய நாட்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.

விடிந்ததும் யானையை எடுத்துச் சென்று, "ஆசாரியாரே, இது ஒடிந்தது, நான் ஒட்டி மறைத்தேன்" என்றேன்.

"தெரியும், ஐயா" என்றார். "இன்று தெரியாவிட்டாலும் எண்ணெய் பூசும் நாளில் தெரிந்திருக்கும். பசை பட்ட இடம் எண்ணெயைக் குடிக்காது. அந்த இடம் மட்டும் வெளுத்து நிற்கும்."

நெய்க்கும் அன்பிற்கும் நேயம் என்னும் பெயர் பொதுவாதலைத் தமிழறிந்தார் உணர்வர். மறைப்பு உள்ள இடத்தில் நேயம் ஊறாது என்று அவர் கூறியதாகவே என் செவியில் வீழ்ந்தது.

பின்பு அவர் செய்வித்த செயலை மறவேன். ஒட்டிய துதிக்கையை நீக்கச் செய்து, உளியை என் கையில் தந்து, "நல்ல மரம் தெரியும்வரை வெட்டுங்கள்" என்றார். பழுது பெரிதாயிற்று, ஒடிந்ததினும் மிகுதியாக வெட்டப்பட்டது. அதே கட்டையிலிருந்து விழுந்த துண்டொன்றைத் தேர்ந்து, நாரோட்டம் இரண்டிலும் ஒரே திசையில் செல்லுமாறு வைத்து, வெட்டுமுகம் இரண்டையும் ஒளி புகாதபடி இசைவித்து, மெல்லிய பசையால் பொருத்தி, அதன்பின் துதிக்கையைப் புதிதாகச் செதுக்கச் சொன்னார். நான்கு நாள் சென்றன. பொருத்தியதைக் காட்டும் கோடு இன்றும் உளது. அதனை மறைக்கட்டுமோ என்று நானும் கேட்டிலேன். மறைக்கும்படி அவரும் சொல்லவில்லை.

இந்நிகழ்ச்சியால் எளியேன் தெளிந்தது ஒன்று. குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன் என ஓதுவோம். அவ்வாறே மரமும் உளியும் எனக்கு அமைய, யான் நிமித்தகாரணன் என்னும் செருக்கோடு பட்டறையுட் புகுந்தேன். அங்கே செதுக்கப்பட்டது யானே. கட்டைக்குள் உருவம் முன்னரே உளது, வேண்டாததை நீக்கினால் போதும் என்று இனிமையாகச் சொல்வாரும் உளர். நீக்குவார் யார் என்பதன்றோ நம் வினா? மரம் தன்னைத் தானே செதுக்கிக்கொள்வதில்லை. மரம் சடம், உயிர் சித்து. ஆதலின் இது ஒருபுடை உவமையே. எனினும் உளி தன்மேற் படுங்கால் எதிர்த்துப் பிய்வதும் இசைந்து நிற்பதும் உயிர்க்கு உள்ள உரிமை.

அடுத்து வந்த பங்குனித் திங்களில் திருவாரூர் ஆழித்தேரைக் காணச் சென்றேன். அலங்கரித்த நிலையில் 96 அடி உயரமும் ஏறக்குறைய 300 டன் எடையும் உடையதென்பர். முன்னெல்லாம் உச்சியை நோக்கித் தொழுது வருவேன். இம்முறை தேரின் அடிப்பகுதியில் வரிசை வரிசையாக அமைந்த சிற்பங்களின் முன் நெடுநேரம் நின்றேன். ஒவ்வொரு வளைவிலும் தடுத்து நின்ற ஓர் இடக்கை தெரிந்தது. வடம் பிடிக்கும் நாம் அக்கைகளை நினைத்ததுண்டோ என்று நெஞ்சு கேட்டது.

ஊர் திரும்பியபின் அச்சிறுவனை அழைத்து யானையை அவன் கையில் தந்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது என்ன கோடு, ஐயா?" என்றான். நடந்ததை நடந்தவாறே கூறினேன். வகுப்பினர் யாவரும் கேட்டிருந்தனர். பின்பு, இரண்டாண்டு தாழ்த்த விடையையும் கூறினேன்:

"தம்பி, விளையாடும் பிள்ளைக்கு யானைதான் தெரியும். மரம் விற்பவருக்கு மரந்தான் தெரியும். செய்கிறவருக்கு இரண்டும் தெரிய வேண்டும். யானையை மறந்தால் உருவம் வராது. மரத்தை மறந்தால் துதிக்கை ஒடியும். நான் மரத்தை மறந்தேன்."

உலகத்தே நின்று தொழில் செய்தும், அதனுள் நிறைந்து நிற்கும் சிவத்தை ஒருகணமும் மறவாத பெரியோர் நிலை இதுவேயாகும் போலும். அந்நிலை எளியேற்கு வெகு தொலைவில் உள்ளது. தீட்டும் கல்லையேனும் கைவிடாதிருக்க அவன் திருவருள் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்