அப்பாவும் எலிப்பொறிச் சுவரும்

போன மே லீவுல, நாங்க படிச்ச பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு ரெண்டு நாள் பயிற்சிப் பட்டறை நடத்தினோம். 'வீடு எப்படிக் கட்டுறாங்க?' என்பது தலைப்பு. எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற இருபது பேர். சிவில் எஞ்சினியர் என்பதால் வாத்தியார் வேஷம் எனக்கு.

முதல் நாள் காலையில் தஞ்சைப் பெரிய கோயில், தாஜ்மகால் என்று படம் காட்டிப் பேசினேன். அரைமணி நேரத்தில் கடைசி பெஞ்ச் தூங்கிடுச்சு :-)

அப்புறம் லாரி பேக்கர் பற்றிச் சொன்னேன். 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, 2007-ல் திருவனந்தபுரத்தில் மறைந்த ஆர்க்கிடெக்ட். தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் சுருள் மாதிரி மேலே ஏறிப் போகுமே, இந்தியன் காபி ஹவுஸ், அது அவர் வடிவமைச்சதுதான். நாகர்கோவில் பிள்ளைங்க ஆச்சே, பாதிப் பேர் அங்கே வடை தின்னவங்க. உடனே முழிச்சிட்டாங்க.

மத்தியானம் பேக்கர் பரவலாக்கின 'எலிப்பொறிக் கட்டு' முறையில் சின்னதா ஒரு சுவர் கட்ட ஆரம்பிச்சோம். செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தணும். நீளவாட்டில் ரெண்டு கல், நடுவில் இடைவெளி, அடுத்து குறுக்கே ஒரு கல். உள்ளே பொறி மாதிரி வெற்றிடம் கிடைக்கும். செங்கல் கிட்டத்தட்ட கால்வாசி மிச்சம். உள்ளே காற்று நிற்பதால் வெயில் சூடும் சட்டென்று வீட்டுக்குள் இறங்காது.

பிரிக்க வசதியா சேற்று மண் வச்சுதான் கட்டினோம். நாலாவது வரியிலேயே சுவர் பக்கத்துத் தென்னை மரத்தில் சாயப் பார்த்தது. பதினெட்டு வருஷமா சுவர் வரையிறேன், ஒண்ணுகூடக் கட்டினதில்லை.

ஒரு பொண்ணு கேட்டுச்சு: "சார், இதெல்லாம் கட்டத் தெரிஞ்சவங்க யாரையும் கூப்பிடலையா?"

சுருக்குன்னு தைச்சது. எங்க அப்பா நாற்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர். சிறப்பு விருந்தினர் பட்டியல் போட்டப்போ அவர் பேர் எனக்கு ஞாபகத்துக்கே வரலை. காலேஜில் அப்பா என்ன செய்றார்னு கேட்டால் 'கன்ஸ்ட்ரக்‌ஷன் லைன்' என்று சொல்லித் தப்பிச்சவன்தானே நான்.

மறுநாள் கரண்டி, தூக்குக்குண்டு, ரசமட்டத்தோட வந்தார். சுவரைப் பார்த்தார். "ஏல, இது காத்துக்காகக் காத்துக்கிட்டு நிக்கு. பிரிங்க."

எலிப்பொறிக் கட்டு மேல அவருக்கு நம்பிக்கையே இல்லை. "கல்லக் குத்திட்டு வச்சா செவரு நிக்குமா?" ஒரு பையன் மணலில் படம் போட்டு அவருக்கு விளக்கினான். முதல் வரியை அப்பா வச்சார். அடுத்த வரிக்குக் கரண்டியை அந்தப் பொண்ணு கையில் கொடுத்துட்டார். நூல் பிடிக்கவும் குண்டு தொங்கவிட்டுப் பார்க்கவும் ஒவ்வொருத்தருக்கும் காட்டிக் கொடுத்தார். சாயங்காலம் சுவர் நிமிர்ந்து நின்னது.

சாதாரணக் கட்டுக்குக் கணக்குப் போட்டு அடுக்கி வச்ச 100 செங்கல்லில் 23 மிச்சம். அப்பா நம்பாமல் தானே ஒரு தடவை எண்ணினார். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் மெதுவா, "எத்தன வீடு கட்டிருக்கேன். இத யாரும் எனக்குச் சொல்லித் தரலியே" என்றார்.

காலேஜ் ரெண்டாம் வருஷ நோட்டில் இந்தக் கட்டை அழகா வரைஞ்சு மார்க் வாங்கினவன் நான். அப்போ அப்பா தினமும் சாரத்தில் நின்னுக்கிட்டிருந்தார். ராத்திரி ஒரே வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். அந்த நோட்டை ஒருநாளும் அவரிடம் விரிச்சுக் காட்டினதில்லை.

பிள்ளைங்களுக்குச் சொல்லித் தரத்தான் பட்டறை வச்சோம். படிச்சது என்னவோ நாங்க ரெண்டு பேரும்தான்.

சுவரைப் பிரிச்சு, கல்லைக் கழுவி, எண்ணித் திருப்பிக் கொடுத்தோம். பைக்கில் வரும்போது அப்பா கேட்டார்: "அந்தக் காப்பிக் கட, உள்ள போய்ப் பாக்க விடுவானால?"

இந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டிட்டுப் போறேன்.